பயர்பாக்ஸில் இறங்குது, குரோமில் இறங்கலை

"உங்க சாப்ட்வேர்ல பில் டவுன்லோடு ஆகலைங்க" என்று ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து போன். என் கணினியில் போட்டுப் பார்த்தேன். ஒழுங்காக இறங்கியது. நான் பயர்பாக்ஸ், அவர் குரோம். "பிரவுசர் கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க சார்" என்றேன். நம் தொழிலில் நேரம் கடத்த அதைவிட வசதியான வாக்கியம் இல்லை.

மறுநாளும் அதே போன். உட்கார்ந்து பார்த்தால், எல்லா பில்லும் அல்ல, சில பேருடைய பில் மட்டும்தான் சிக்கியது. ஒரே ஹெடர் (கோப்புக்கு முன்னால் சர்வர் அனுப்பும் குறிப்பு வரி) இரண்டு முறை வந்திருக்கிறது என்றது குரோம். நான் அனுப்பியதோ ஒன்றே ஒன்று. கடைசியில் அகப்பட்டது ஒரு காற்புள்ளி.

சர்வரில் ஓடும் பிஎச்பி நிரலில் வாடிக்கையாளர் பெயரையே கோப்பின் பெயராக எடுத்து, இறங்கும் கோப்புக்குப் பெயர் சொல்லும் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரில் மேற்கோள்குறி இல்லாமல் ஒட்டியிருந்தேன். சிலருக்குப் பெயருக்குப் பின்னால் காற்புள்ளி போட்டு ஊரையும் பதிந்திருந்தார்கள். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபியில் ஒரே பெயருள்ள ஹெடர்களைக் காற்புள்ளியால் ஒரே வரியாகச் சேர்க்கலாம். அதனால் குரோம் அதை இரண்டாக எண்ணி, ஏதோ தில்லுமுல்லு என்று நிறுத்திவிட்டது. பயர்பாக்ஸ் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பெயரில் இடைவெளி வந்த இடத்தில் வெட்டி முதல் சொல்லை மட்டும் வைத்திருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை.

பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டதும் தீர்ந்தது. பெயருக்குள்ளேயே மேற்கோள்குறி இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். தமிழ்ப் பெயர் என்றால் அது போதாது. 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6266 என்ற இணைய நெறி ஆவணம் சொல்கிறபடி, சாதாரண ஆங்கிலப் பெயர் ஒன்றும், யூடிஎஃப்-8 (தமிழையும் எழுதவல்ல எழுத்துக் குறியாக்கம்) என்று குறித்து, எழுத்துகளை விழுக்காட்டுக்குறி (%) போட்ட குறியீடுகளாக மாற்றி filename* என்று நட்சத்திரத்தோடு தரும் பெயர் ஒன்றும் சேர்த்து அனுப்ப வேண்டும். பிஎச்பியில் இப்படி மாற்றித் தரும் கட்டளை ராயூஆர்எல்என்கோடு (rawurlencode). வெறும் யூஆர்எல்என்கோடு (urlencode) போட்டால் இடைவெளி இருக்கிற இடமெல்லாம் கூட்டல்குறி முளைக்கும்.

அப்புறம் வந்தது எக்செல் புகார்: கோப்பு இறங்குகிறது, திறந்தால் "பழுது" என்கிறது. யாரோ ஒரு பிஎச்பி கோப்பை நோட்பேடில் திருத்தி, பிஓஎம்மோடு (கோப்பு யூடிஎஃப்-8 என்று காட்டும் முன்குறி) சேமித்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த 3 பைட் எக்செல் கோப்புக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டது. அவுட்புட் பஃபரிங் (வெளியீட்டை உடனே அனுப்பாமல் சேர்த்துவைப்பது) இயங்கியதால் எச்சரிக்கையும் வரவில்லை. கோப்பின் அளவைச் சொல்லும் கன்டென்ட்-லெங்க்த் ஹெடரில் நான் அசல் அளவைச் சொல்லியிருந்ததால் கடைசி 3 பைட் வெட்டுப்பட்டது. எக்செல் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப்; உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் இருப்பதே வால் பக்கம்தான். பிஓஎம் இல்லாமல் சேமித்து, கோப்பை அனுப்பும் முன் பஃபரைக் காலி செய்து, அனுப்பியதும் நிரலை நிறுத்த எக்சிட் போட்டேன். சரியானது.

இந்த இரண்டையும் கர்லில் (பிரவுசர் இல்லாமல் சர்வரின் பதிலை அப்படியே காட்டும் கருவி) ஹெடரையும் முதல் சில பைட்டையும் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருக்கலாம். பிரவுசரை மாற்றி மாற்றித் திறந்துபார்த்தே அரை நாள் போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே எக்செல் விவரங்களை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) கேட்டபோது எக்செலில் தமிழ் எல்லாம் கிறுக்கலாக வந்தது. அதைச் சரிசெய்ய, அதே 3 பைட் பிஓஎம்மை நானே முன்னால் சேர்த்தேன்.