உபி காயுவா, கெலேடெக்கா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) உபி காயு என்ற மரவள்ளிக்கிழங்கு வாங்கும் பெண்கள் முதலில் அதன் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தால் பைக்குள் போகும். நீலக் கோடு ஓடியிருந்தால் கூடைக்கே திரும்பும். தோண்டிய இரண்டு மூன்று நாளிலேயே அந்தக் கோடு விழுந்துவிடும். பக்கத்தில் கிடக்கும் கெலேடெக், அதாவது சக்கரவள்ளிக்கு அந்த அவசரம் இல்லை, வாரக்கணக்கில் தாங்கும்.

ரப்பர் தோட்டத்து வீடுகளில் சாயங்காலத் தேநீருக்கு இரண்டையுமே அவிப்போம். எதில் சத்து அதிகம்?

பச்சைக் கிழங்கு 100 கிராம் எடுத்துக்கொண்டால், மரவள்ளியில் சுமார் 160 கலோரி, சக்கரவள்ளியில் 86. சக்கரவள்ளியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மரவள்ளியில் 60 விழுக்காடுதான், மிச்சம் பெரும்பாலும் மாவுச்சத்து. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு அது வயிற்றில் நின்றதற்குக் காரணம் இதுதான். புரதம் இரண்டிலுமே ஒன்றரை கிராம் அளவுதான்.

அந்தக் குறை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நன்றாகத் தெரிந்தது. 1941 முதல் 1945 வரை அரிசி கிடைக்காமல் தோட்டத்து மக்கள் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஒரே அளவு கலோரிக்குக் கணக்குப் போட்டால், அரிசியில் உள்ள புரதத்தில் பாதிகூட மரவள்ளியில் இல்லை. வயிறு நிறையும், உடம்பு தேறாது.

இன்னொரு விஷயமும் உண்டு. மரவள்ளிக்குள் லினமாரின் என்ற பொருளும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. கிழங்கை வெட்டும்போது இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு உருவாகிறது. அது 26 பாகை செல்சியஸிலேயே கொதிப்பதால், மூடாத பானையிலிருந்து ஆவியாகிப் போய்விடும். உடையாத லினமாரின் தண்ணீரில் கரைந்து இறங்கும். என் பாட்டி தோலைத் தடிமனாக உரித்து, சின்னச் சின்னத் துண்டாக்கி, நடுநரம்பை உருவி எறிந்துவிட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைப்பார். "தண்ணியக் கொட்டிட்டுத்தான் தட்டுல போடணும்" என்பார். வீட்டில் கிழங்கின் நஞ்சைக் குறைக்க அது ஒரு நல்ல வழி.

தட்டில் பக்கத்திலேயே நெத்திலிச் சம்பல் இருக்கும். அது வெறும் ருசிக்கு மட்டுமல்ல. மிஞ்சிய கொஞ்சம் சயனைடைத் தீங்கு குறைந்த தயோசயனேட்டாக மாற்ற உடம்புக்குக் கந்தகம் வேண்டும். அது மீனின் புரதத்தில் இருக்கிறது. தயோசயனேட் தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கும். கடல்மீன் அயோடினையும் கொண்டுவருகிறது. மரவள்ளியைத் தனியாகத் தின்னக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சரி, கெலேடெக்குக்கு வருவோம். வெந்ததும் அது தித்திப்பது ஏன்? சூடு ஏற ஏற அதிலுள்ள ஒரு நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கிறது. மெதுவாக வெந்தால் நொதிக்கு நேரம் கிடைத்து இனிப்புக் கூடும். ஆனால் அதன் உண்மையான பலம் நிறத்தில் இருக்கிறது. உள்ளே ஆரஞ்சாக இருக்கும் கிழங்கில் பீட்டா கரோட்டின் நிறைய உண்டு. உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். 100 கிராமிலேயே ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சுமார் 700 மைக்ரோகிராம் கிடைத்துவிடும். மரவள்ளியில் அது இல்லை என்றே சொல்லலாம். ஆப்பிரிக்காவில் பிள்ளைகளின் வைட்டமின் ஏ குறையைத் தீர்க்க இந்த ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பிய மரியா அன்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜேன் லோ மூவருக்கும் 2016-இல் உலக உணவுப் பரிசில் பங்கு கிடைத்தது. கரோட்டின் கொழுப்பில் கரைவது. அதனால் துருவிய தேங்காயோடு சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும்.

வளரும் பிள்ளைக்கு ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்றால், நான் ஆரஞ்சு கெலேடெக்கைத்தான் வாங்குவேன். வெள்ளைச் சதை உள்ளதில் கரோட்டின் மிகக் குறைவு. ஊதாவின் நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது, அது வேறு சத்து. தோலைப் பார்த்து உள்நிறத்தைச் சொல்ல முடியாது. "அண்ணே, ஒண்ண வெட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள்.