வேலையின்மை குறைந்தால் ஊர் மீண்டுவிட்டதா?

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்திய ஆடைகள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50% ஆனபோது வாசகர் ஒருவர் கேட்டார்: திருப்பூர் மாதிரி ஒரே தொழிலை நம்பியிருக்கும் ஊர் அடி வாங்கினால், அங்குள்ள வேலைச் சந்தை எப்படி மீளும்?

முதலில் குறைவது ஆள் கணக்கு அல்ல, வேலை நேரம். ஆர்டர் குறைந்தால் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகும். அப்புறம் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. பீஸ் ரேட்டில் தைக்கும் ஓவர்லாக் டெய்லரின் வருமானம் பாதியாகிவிடும். ஆனால் அரசின் வாராந்திரக் கணக்குப்படி, அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர்தான்.

அடுத்து நடப்பதுதான் அற்புதமான கணக்கு. 100 தொழிலாளர்களில் 20 பேருக்கு வேலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலையின்மை 20%. அந்த 20 பேரும் ஒடிசாவுக்கும் பீகாருக்கும் ரயில் ஏறிவிட்டால்? ஊரில் மிச்சம் 80 பேர், 80 பேருக்கும் வேலை. வேலையின்மை பூஜ்யம்! போன வேலைகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை, ஆனாலும் புள்ளிவிவரத்தில் ஊர் தேறிவிட்டது. 1992இல் பொருளாதார அறிஞர்கள் ஒலிவியே பிளான்ஷாரும் லாரன்ஸ் காட்ஸும் அமெரிக்க மாநிலங்களில் கண்டது இதைத்தான். அடி வாங்கிய மாநிலத்தில் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் வேலையின்மை பழைய நிலைக்கு வந்தது. புதிய வேலைகள் வந்ததால் அல்ல, பெரும்பாலும் ஆட்கள் கிளம்பிப் போனதால்.

கிளம்பாவிட்டால்? 2013இல் பொருளாதார அறிஞர் டேவிட் ஆட்டரும் சகாக்களும் சீன இறக்குமதியால் தொழில் நொடித்த அமெரிக்கப் பகுதிகளை ஆராய்ந்தார்கள். அங்கே ஜனம் பெரிதாக வெளியேறவில்லை. வேலையின்மை கூடியது, கூலி இறங்கியது, பலர் வேலைச் சந்தையை விட்டே விலகினார்கள்.

திருப்பூரில் இரண்டுமே ஒரே தெருவில் நடக்கக்கூடியவை. தனியாக வந்த வடமாநில இளைஞர் கிளம்பிவிடுவார். கடன் வாங்கித் தையல் மிஷின் போட்டு, பிள்ளையை இங்கேயே பள்ளியில் சேர்த்த குடும்பம் நகராது. இளைஞரின் வேலையிழப்போ திருப்பூர்க் கணக்கிலேயே வராது.

நாட்டின் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் எடுத்தது. அதை வைத்துக்கொண்டு இன்றைய புலம்பெயர்வை எப்படி அளப்பது? ஏற்றுமதி ஊக்கத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது, ஒரே தொழிலாளரைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுக்கு ஒதுக்க வேண்டும். அவர் எந்த ஊருக்குப் போனாலும் ஆண்டுக்கு ஒருமுறை போன் செய்து, இப்போது என்ன வேலை, எத்தனை ஷிப்ட், கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டாலே போதும்.