பழைய பீங்கான் கிண்ணத்தில் ரசம் ஊற்றலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தட்டு ஒன்று, கிண்ணம் ஒன்று என உதிரியாக வாங்கிச் சேர்க்கலாம். செட்டிநாட்டு வீடுகளுக்குக் கடல் வணிகத்தோடு வந்த பீங்கானும் கண்ணாடியும் சுவீடன் எனாமல் கிண்ணங்களும் அங்கே கிடைக்கும். ஜோடி சேராத சாமானை வைத்தே அழகாகப் பரிமாறலாம். ஆனால் நம் சாப்பாட்டில் புளியோ தயிரோ எலுமிச்சையோ இல்லாத வேளை குறைவு. நிறம் பொருந்துகிறதா என்பதற்கு முன், உணவு படும் பக்கத்தைப் பாருங்கள்.

பழைய பீங்கானின் பளபளப்புப் பூச்சிலும் அதன்மேல் தீட்டிய பூவேலையிலும் காரீயம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம். (ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு.) புளிப்பும் சூடும் ஊறும் நேரமும் கூடக்கூட காரீயம் உணவில் இறங்கும். ஆய்வகத்தில் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை ஊற்றி, 24 மணி நேரம் கழித்துத்தான் அளக்கிறார்கள். வீட்டு வினிகரின் புளிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். பழைய ஜாடியில் ஊறுகாயோ மாதக்கணக்கில் கிடக்கிறது! எங்களைக் கேட்டால், தயாரிப்பு விவரம் தெரியாத ஜாடியில் ஊறுகாய் போடவே வேண்டாம்.

பூவேலை நகத்தில் தட்டுப்பட்டால் அது பூச்சுக்கு மேல் தீட்டியது. அந்தத் தட்டு வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் போதும். உள்பக்கம் வெறும் வெள்ளை என்பதாலேயே பயமில்லை என்று ஆகாது. காரீயம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் சோதனைக் குச்சி நிறம் மாறினால் ஒதுக்கிவிடுங்கள். மாறாவிட்டாலும் அது உத்தரவாதமில்லை. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இவற்றில் பரிமாறவே கூடாது.

கனமாக, சுண்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்கும் பட்டை தீட்டிய கிரிஸ்டல் கண்ணாடியில் 24 சதவீதமோ அதற்கு மேலோ காரீய ஆக்சைடு இருக்கலாம். எலுமிச்சைச் சாறு வேண்டாம், பூ வையுங்கள். எனாமல் கிண்ணத்தின் உள்பூச்சு பெயர்ந்திருந்தால் துருவும் சில்லும் சோற்றில் கலக்கும்.

வாங்கும்போது விரல் கணுவால் தட்டுங்கள். பீங்கான் மந்தமாக ஒலித்தால் மயிரிழை விரிசல் இருக்கலாம். தண்ணீர் நிரப்பிக் காகிதத்தின்மேல் ஒரு நாள் வைத்தால் கசிவு தெரிந்துவிடும். டம்ளர் விளிம்பில் பஞ்சைச் சுற்றி ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத சில்லிலும் பஞ்சு மாட்டும். மங்கிய கண்ணாடியை வினிகரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். உப்புத்தண்ணீர்ப் படிவு என்றால் போய்விடும். அப்படியும் போகாத மங்கல் கண்ணாடியே அரித்தது, தேய்த்துப் பயனில்லை. தங்கக் கோடு போட்டதைப் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்காதீர்கள், மைக்ரோவேவிலும் வைக்காதீர்கள்.

சேர்ப்பதற்கு எங்கள் யோசனை: தட்டுகளின் விட்டம் ஒன்றாக இருக்கட்டும், பூவேலை எப்படியும் மாறலாம். வெள்ளையிலும் நீலம் ஓடும் வெள்ளை, மஞ்சள் ஓடும் வெள்ளை என இரண்டு உண்டு. பகல் வெளிச்சத்தில் வைத்துப் பிரியுங்கள். அடுக்கும்போது நடுவே மெல்லிய துணி போடுங்கள், இல்லாவிட்டால் மேல்தட்டின் சொரசொரப்பான அடிவளையம் கீழ்த்தட்டைக் கீறும்.

சூடான காபிக்குப் பழைய கண்ணாடி டம்ளரை நம்ப வேண்டாம். சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிவது, சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. தடித்த அடிதான் முதலில் விரிசல் விடும். ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்ட டம்ளர்களை முறுக்காதீர்கள். உள்ளே இருப்பதில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளியே இருப்பதை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் கழன்றுவிடும்.