பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர்: பெற்றோர் கேட்டுப் பெற வேண்டிய ஒரு விதி

எடை கூடிய குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் தாயிடம் அங்கே கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நொறுக்குத்தீனியை நீங்கள் ஏன் வாங்கிக் கொடுக்கிறீர்கள்?" அதே குழந்தை படிக்கும் பள்ளியின் உணவகத்தில் குளிர்பானமும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கப்படுவதைப் பற்றியோ, ஆண்டு விழா மேடையில் சாக்லேட் நிறுவனத்தின் பதாகை கட்டப்படுவதைப் பற்றியோ எவரும் விசாரிப்பதில்லை. பெற்றோருக்குப் பொறுப்பு உண்டு என்பதில் ஐயமில்லை; ஆனால் சட்டம் அந்தப் பொறுப்பு முழுவதையும் அவர்கள் தலையில் கட்டிவிடவில்லை. பள்ளிக்கும் விற்பவருக்கும் தயாரிப்பவருக்கும் எழுத்திலேயே கடமை விதித்திருக்கிறது. இது பல பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு கேட்பவர்களை அலுவலகங்கள் நன்றாகவே அலைக்கழிக்கின்றன.

தில்லி உயர் நீதிமன்றத்தில் 2010இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் பள்ளிக் குழந்தைகளின் உணவு குறித்த ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. 2021 ஜூலை முதல் அவை நடைமுறையில் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலோ, பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ மாணவர்களுக்கு விற்கக் கூடாது; இலவசமாகக் கொடுக்கக் கூடாது; விளம்பரமும் செய்யக் கூடாது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இதில் இல்லை.

பெற்றோர் தவறவிடும் முதல் இடம் 'விளம்பரம்' என்ற பகுதி. பெட்டிக்கடையைப் பற்றிப் புகார் கொடுப்பவர்கள்கூட, விளையாட்டு விழாவுக்கு நூடுல்ஸ் நிறுவனம் நன்கொடை கொடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்வதையும், பள்ளிப் பேருந்திலோ சுவரிலோ புத்தக அட்டையிலோ முத்திரை பதிப்பதையும், வகுப்பறையில் மாதிரிப் பொட்டலம் வழங்குவதையும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இவை அனைத்தும் விதிக்கு எதிரானவை. அனுமதித்த பள்ளி நிர்வாகமும் பதில் சொல்லக் கடமைப்பட்டது. வாசலில் வேகவைத்த கடலையும் நெல்லிக்காயும் விற்கும் பாட்டியை விரட்டிவிட்டு விதியை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டுவதைப் பல ஊர்களில் காணலாம். அவரிடம் இந்த விதிக்கு எந்த வேலையும் இல்லை. மனுவில் எந்தப் பொருள், எந்த நிறுவனம் என்று குறிப்பிடாமல் "வாசலில் கடைகள்" என்று பொதுவாக எழுதினால் நடவடிக்கை அவர் மீதுதான் முதலில் பாயும்.

இரண்டாவது சிக்கல் சொல்லில் இருக்கிறது. "ஜங்க் ஃபுட் விற்கிறார்கள்" என்று எழுதிக் கொடுத்தால், எது ஜங்க் ஃபுட் என்று கேட்டு மனுவை ஓரம் வைத்துவிடலாம். விதியில் உள்ளபடியே, "சேர்க்கப்பட்ட சர்க்கரை மிகுந்த பானம்", "சோடியமும் நிறைவுற்ற கொழுப்பும் மிகுந்த வறுவல்" என்று எழுதுங்கள். "எவ்வளவு இருந்தால் மிகுதி? அளவுகோல் இன்னும் வரவில்லையே" என்ற பதில் அதற்கும் வரக்கூடும். பொட்டலத்தின் முகப்பிலேயே எச்சரிக்கை காட்டும் முறை பல ஆண்டுகளாக இழுபறியில் கிடப்பதும், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதற்குக் காலக்கெடு விதிக்க நேர்ந்ததும் உண்மைதான்; அதற்காக நடைமுறையில் உள்ள விதி செல்லாமல் போய்விடாது. பொட்டலத்தின் பின்புறம் உள்ள ஊட்டச்சத்து அட்டவணையைப் படமெடுத்து மனுவோடு இணைத்துவிடுங்கள். அந்த அட்டவணையில் காணும் சதவீதம், நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் பெரியவருக்குக் கணக்கிட்டது: சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம். பெரியவருக்கே ஒரு நாள் அளவில் பாதியைத் தொடும் ஒரு புட்டி, ஏழு வயதுக் குழந்தைக்கு என்ன ஆகும் என்று மனுவில் ஒரு வரி எழுதினால் போதும். சதவீதம் ஒரு பரிமாறலுக்கா (per serve), முழுப் பொட்டலத்துக்கா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் தீர்த்துவிடும் பொட்டலத்தை இரண்டு மூன்று பரிமாறலாகப் பிரித்துக் காட்டுவது வழக்கம்.

சான்று எடுக்கும்போது பள்ளி வாசலும் கடையும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். தனித்தனிப் படங்கள் கொடுத்தால், தூரத்தை அளக்க வேண்டும் என்று சொல்லியே காலம் கடத்துவார்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 2025 மே மாதச் சுற்றறிக்கைப்படி சர்க்கரை விழிப்புணர்வுப் பலகை வைத்திருக்க வேண்டும். பலகை சுவரில் தொங்க, அதே சுவருக்கு அப்பால் உணவகத்தில் குளிர்பானம் விற்றால், அந்த இரண்டையும் சேர்த்து எடுத்த படத்தைவிட நல்ல சான்று கிடைக்காது. கடைக்கான 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் தெரிந்தால் எழுதுங்கள். கடையில் அது காட்சிக்கு வைக்கப்படவில்லை என்றால் அதையே மற்றொரு புகாராகச் சேர்த்துவிடலாம். நீங்கள் அங்கே எதையாவது வாங்கியதற்கு ரசீது வேண்டும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். விற்பனைக்கு வைத்திருப்பதே மீறல்.

எங்கே கொடுப்பது என்பதில்தான் மக்கள் சோர்ந்து போகிறார்கள். கல்வி அலுவலகத்தில் கேட்டால் உணவுத் துறையைக் கை காட்டுவார்கள். அங்கே போனால் சாலையோரக் கடை மாநகராட்சிக்கு உட்பட்டது என்பார்கள். மாநகராட்சி மீண்டும் பள்ளிக்கே அனுப்பும். மனுவின் முதல் முகவரியாக உங்கள் மாவட்டத்தின் உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலரையே போடுங்கள். விதியை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அவருடையது. நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கும் பள்ளிக்கும் அனுப்புங்கள். செயலியிலோ வாட்ஸ்அப்பிலோ மட்டும் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். "தீர்வு காணப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு அது மூடப்படக்கூடும். கையெழுத்திட்ட மனுவை விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து மனு எண்ணைப் பெறுங்கள்.

தனியார் பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைப்பவர்களின் அச்சம் வேறு: பெயர் தெரிந்தால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்பது. இது வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவராக நிற்காதீர்கள், வேறு வேறு வகுப்புகளின் பெற்றோர் பலர் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திடுங்கள். அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகவே கொண்டுவருவது எளிது. அந்தக் குழுவில் பெரும்பான்மை பெற்றோருக்குத்தான்.

தொலைக்காட்சி விளம்பரத்துக்குச் சட்டம் வேறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூன் வழிகாட்டுதல்களின்படி, சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரம் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியிலும், குழந்தைகளுக்கென்றே உள்ள அலைவரிசையிலும் வரக் கூடாது. பெற்றோரை நச்சரித்து வாங்கச் செய்யுமாறு குழந்தைகளைத் தூண்டவும் கூடாது. முதல் தடைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு: குழந்தைகள் கூடியிருந்து பார்க்கும் கிரிக்கெட் போட்டியும் பாட்டுப் போட்டியும் "குழந்தைகள் நிகழ்ச்சி" என்ற வரையறைக்குள் வருவதில்லை. ஆகவே கார்ட்டூன் அலைவரிசையில் வந்த விளம்பரத்தையே, தேதி, நேரம், பதிவோடு பிடியுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி இந்தப் புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம். பிரிவு எண்ணைக் குறிப்பிடாவிட்டால் மனு உணவுத் துறைக்குத் தள்ளப்பட்டு அங்கேயே உறங்கிவிடும். 21ஆம் பிரிவின்கீழ் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் தவறினால் 50 லட்சம் வரையும் அபராதம் உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915 வழிகாட்டுதலுக்குப் பயன்படும். எழுத்து மனுவுக்கு மாற்றாக அதைக் கொள்ள வேண்டாம்.

வீட்டுக்கு வந்து சேரும் உணவு விநியோகச் செயலியும், கைபேசி விளையாட்டின் நடுவே வரும் பர்கர் படமும் அந்த 50 மீட்டருக்குள் அடங்காதவை. அங்கே பெற்றோர்தான் காவல். அதில் சாக்கு சொல்ல இடமில்லை. ஆனால் பள்ளி வாசலுக்குள் நடப்பதற்கும் உங்களையே குற்றவாளியாக்கினால் விதியின் நகலை எடுத்து மேசையில் வையுங்கள்.

மனு கொடுத்து ஒரு மாதம் கடந்தும் பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மூன்று கேள்விகள் மட்டும் அனுப்புங்கள்: என் மனு மீது எந்தத் தேதியில் ஆய்வு நடந்தது, ஆய்வறிக்கையின் நகல், விதிக்கப்பட்ட அபராத ஆணையின் நகல். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்ப அதுவே போதும். முப்பது நாளில் பதில் வராவிட்டால், அடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அந்தக் கெடு தவறிவிடாமல், விண்ணப்பம் அனுப்பும் அன்றே நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.