'நாலில் ஒன்று' கணக்கு

நீலகிரி கூடலூர் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை முகாம். மூத்த பையனுக்கு சிக்கிள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) இருக்கும் ஓர் அம்மா கேட்டார்: "டாக்டரம்மா, நாலுல ஒண்ணுக்கு வரும்னீங்க. அந்த ஒண்ணு மூத்தவனோட போச்சு. இனி பொறக்குற மூணும் நல்லாத்தானே இருக்கும்?"

என் மேசையில் எப்போதும் இரண்டு சுருக்குப் பைகள் இருக்கும். ஒன்று அப்பா, இன்னொன்று அம்மா. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் காராமணி, ஒரு சிவப்புக் காராமணி. வெள்ளை நல்ல மரபணு, சிவப்பு இந்த நோயின் மரபணு. பார்க்காமல் பைக்கு ஒன்றாக எடுத்தால் ஒரு பிள்ளை. இரண்டும் சிவப்பு என்றால் நோய். எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்த பிள்ளைக்கு எடுக்க வேண்டும். அவரையே எடுக்கச் சொன்னேன். அடுத்தடுத்து இரண்டு முறை சிவப்பு ஜோடி வந்ததும் கை நின்றுவிட்டது. "அப்ப ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்தா?" ஆமாம், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்துதான்.

ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு உள்ளவர் காரியர். அவர் நோயாளி இல்லை. இதைப் பத்து தடவை சொன்னாலும் ஊர் கேட்பதில்லை.

சரி, ஒரு வீட்டுக்கு இரண்டு பை போதும். ஒரு சமூகம் முழுவதற்கும்? எல்லார் பையையும் ஒரே சாக்கில் கொட்டிக் கணக்குப் போட வேண்டும். நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே கணித அறிஞர் ஹார்டியும், வைன்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவரும் 1908இல் தனித்தனியாக இந்தக் கணக்கைச் சொன்னார்கள். சாக்கில் நூற்றுக்குப் பத்து சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். நூறு பேரில் 81 பேருக்கு இரண்டும் வெள்ளை, 18 பேர் காரியர், ஒருவருக்கு நோய். அந்த நூறு பேரிடம் உள்ள 20 சிவப்பில் 18 காரியர்களிடம்தான் இருக்கின்றன.

இதனால்தான், "நோய் உள்ளவங்க பிள்ளை பெத்துக்காம இருந்தா நோய் ஒழிஞ்சிடுமே" என்று படித்தவர்களே பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நோயாளிகள் ஒருவர்கூடப் பிள்ளை பெறாவிட்டாலும், நூற்றுக்குப் பத்தாக இருக்கும் சிவப்பு ஐந்தாகக் குறையப் பத்துத் தலைமுறை ஆகும். கிட்டத்தட்ட 250 வருடம். அதுவரை பிறக்கும் பிள்ளைகளுக்கு மருந்தும் கவனிப்பும்தான் வேண்டும், தடை இல்லை.

இந்த மரபணு யாருடைய பாவத்தாலும் வந்ததில்லை. ஒற்றைச் சிவப்பு உள்ள குழந்தை கடும் மலேரியாவிலிருந்து தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த ஆலிசன் 1954இல் இதைக் காட்டினார். முதுமலை, வயநாட்டுக் காடுகள் ஒரு காலத்தில் மலைக்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்குப் பேர்போனவை. அங்கே வாழ்ந்தவர்களைக் காப்பாற்றியதில் இதற்கும் பங்கு உண்டு. இந்தியாவில் இது முதலில் பதிவானதும் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல்.

அப்புறம் ஒன்று. ஹார்டியின் கணக்கு பெரிய சாக்குக்குப் பொருந்தும். முப்பது வீடு உள்ள ஊரில் கைக்கு எது வருகிறதோ அதுதான் அடுத்த தலைமுறை. ஓர் ஊரில் சிவப்பு கூடிவிடும், ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அறவே இல்லாமல் போகும். பக்கத்து ஊர் எண்ணிக்கையைப் பார்த்து இந்த ஊரை விட்டுவிடக்கூடாது.

முகாமில் முதலில் செய்வது கரைதிறன் சோதனை. ரத்தம் சேர்த்த குழாயைக் கறுப்புக் கோடு போட்ட அட்டைக்கு முன் பிடிப்போம். கோடு தெரிந்தால் சிவப்பு இல்லை. கலங்கிக் கோடு மறைந்தால் சிவப்பு இருக்கிறது. ஒன்றா இரண்டா என்பதை அந்தக் குழாய் சொல்லாது. எங்கோ ஒரு முகாமில் இதை மட்டும் பார்த்துவிட்டு ஒரு பெண்ணிடம் "உனக்கு நோய்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனது. பிறகு எங்களிடம் வந்து ஹெச்.பி.எல்.சி. (ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் சோதனை) எடுத்தபோது அவள் வெறும் காரியர். மாப்பிள்ளைக்குச் சோதனையே செய்யவில்லை. அவருக்கு இரண்டும் வெள்ளையாக இருந்திருந்தால் அவர்களுக்குப் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும் இந்த நோய் வந்திருக்காது.

குழாய் கலங்கியது என்று சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். ஹெச்.பி.எல்.சி. முடிவைக் கேட்டு வாங்குங்கள். ஏ.எஸ். என்றால் காரியர், எஸ்.எஸ். என்றால் நோய். கல்யாணம் பேசும்போது இரண்டு பேர் சீட்டையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். இருவரும் காரியர் என்றால், கர்ப்பம் தரித்ததும் தள்ளிப்போடாமல் வந்துவிடுங்கள். கருவிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.