லைன்மேன்: கோட்டு வீரர் அல்ல, முன்வரிசை வீரர்

அமெரிக்கக் காற்பந்தின் ‘லைன்மேன்’ என்பதைக் ‘கோட்டு வீரர்’ என்று எழுதுவதை யாராவது நிறுத்தினால் தேவலை. கணினியிடம் விட்டால் அது ‘மின்கம்பியாளர்’ ஆகி, அந்த ஆட்டத்தின் பழைய லைன்மேன் ஆர்ட் டோனோவன் கம்பத்தில் ஏறிவிடுகிறார். அதையாவது சிரித்துவிட்டுப் போகலாம். கோட்டு வீரர் என்பது மனிதர் உட்கார்ந்து யோசித்து ஆக்கியது.

‘லைன்’ லத்தீன் வழி வந்த சொல். நூல், கயிறு, கோடு, வரிசை என்று பொருள் விரிந்தது. இங்கே வேண்டியது வரிசை.

பந்து கிடக்கும் இடத்தில் இரு அணியின் பருத்த ஆட்கள் எதிரெதிரே குனிந்து நிற்பார்கள். தாக்கும் அணியில் ஐந்து பேர், எதிரணியில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பேர். இடையே இருப்பதாகக் கொள்ளும் கோட்டைத் தரையில் யாரும் வரைவதில்லை. பந்து நகர நகர அதுவும் நகரும். இல்லாத கோட்டுக்கு ஒரு வீரரா? போதாக்குறைக்கு, நமக்குத் தெரிந்த கால்பந்தில் கொடியோடு ஓரத்தில் ஓடும் கோட்டு நடுவர் வேறு இருக்கிறார்.

இன்னொரு கட்சி ‘தடுப்பாட்டக்காரர்’ என்கிறது. காதுக்கு நல்ல தமிழ்தான். ஆனால் 1950களின் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியைப் பாருங்கள். ஜிம் பார்க்கர் தாக்கும் பக்கம். அவர் வேலையோ, பந்தை எறியும் ஜானி யூனிடாஸை எவரும் நெருங்காமல் தடுப்பது. டோனோவன் காக்கும் பக்கம்; அவர் வேலை எதிர்வரிசையை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்வது. இருவருமே லைன்மேன்தான். இதில் தடுப்பாட்டக்காரர் யார்?

‘முன்னணி வீரர்’ என்று எழுதுகிறவர்கள் பொருளையே மாற்றிவிடுகிறார்கள். பத்திரிகைத் தமிழில் முன்னணி என்றால் நட்சத்திரம். 1924இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் பசிபிக் முனையில் கடற்படைத் துருப்பில் இருந்து திரும்பிய டோனோவன், 1950இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். முதல் மூன்று ஆண்டுகளில் மூன்று அணிகள்; ஆண்டுக்கு ஒரே ஒரு வெற்றி; மூன்று அணிகளும் கலைக்கப்பட்டன. அன்றைக்கு அவர் எந்த முன்னணி? 1953இல் பால்டிமோரில் புதிதாக அமைந்த கோல்ட்ஸில் சேர்ந்து, 1958, 1959 பட்டங்களை வென்று, 1968இல் அந்த ஆட்டத்தின் புகழ்க்கூடத்தில் (ஹால் ஆஃப் ஃபேம்) இடம்பெற்றார் என்பது பிந்தைய கதை. லைன்மேன் என்பது நிற்கும் இடத்தைச் சொல்லும் பெயர், பாராட்டுப் பத்திரம் அல்ல.

பழந்தமிழில் முற்படைக்குத் தூசி, தார் என்றெல்லாம் பெயர் உண்டு. ‘தார்தாங்கிச் செல்வது தானை’ என்ற குறள் (767) இந்த ஆட்களின் வேலைக்கு அப்படியே பொருந்தும். ஆனால் இன்று தூசி தட்டுவதற்கு, தார் சாலைக்கு. தூய்மை பேசி வாசகரை ரோட்டில் நிறுத்துவானேன்?

முன்வரிசை வீரர் போதும். பக்கம் பிரிக்க வேண்டுமானால் தாக்கு முன்வரிசை, காப்பு முன்வரிசை. அதற்குள் வரும் சென்டர், கார்டு, டேக்கிள் ஆகிய மூன்று நிலைகளின் பெயரையும் அப்படியே விட்டுவிடலாம். கார்டைக் ‘காவலர்’ ஆக்கினால் மைதானத்துக்குள் போலீஸ் வந்துவிடும்.