கதவுக்கு அந்தப் பக்கம்

"ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போய் அவன் ரூம் கதவுல காது வச்சுக் கேப்பேன் மேடம். மூச்சு சத்தம் கேட்டாத்தான் திரும்பி வந்து படுப்பேன்."

பிளஸ் டூ படிக்கும் மகன் மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. கையைக் கீறிக்கொள்கிறான் என்பதைத் துவைக்க எடுத்த முழுக்கைச் சட்டையில் பார்த்துத்தான் அந்த அம்மா தெரிந்துகொண்டார். மகனிடம் தனியாகப் பேசினேன். "அம்மா வெளிய நிக்கிறது தெரியும். அவங்க போற வரைக்கும் தூங்குற மாதிரி மூச்சு விடுவேன்" என்றான். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன்.)

என்னிடம் வரும் பெற்றோரில் பலர் இப்படித்தான், பிள்ளைக்குத் தெரியாமல் கவலைப்படுவதாக நம்புகிறார்கள். பிள்ளைக்கு எல்லாம் தெரியும். தன்னால்தான் வீடு இப்படி ஆகிவிட்டது என்ற பாரமும் அதன் தலையில் சேர்கிறது. "என் வளர்ப்பு சரியில்லையா?" என்று அந்த அம்மா கேட்டபோது, இல்லை என்று நேராகவே சொன்னேன். பரம்பரை, மூளையின் வளர்ச்சி, பள்ளி, நட்பு என்று பலதும் சேர்ந்து வருவது இது. இந்தக் குற்ற உணர்ச்சி அவரைச் சரியாகச் சாப்பிடக்கூட விடவில்லை. ஜாதகம் பார்த்து ஏழரைச் சனி என்று யாரோ சொன்னதும் சேர்ந்துகொண்டது.

"கவலைப்படாதீங்க" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அது முடியாத காரியம். கவலைக்கு நேரம் ஒதுக்கச் சொல்வேன். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவர் குழுவினரும் 1983-ல் எழுதிய முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. படுக்கையறை வேண்டாம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி குறித்துவைத்து, அந்த அரை மணிக்குத் தள்ளிப்போட வேண்டும். அந்த அம்மா சாயங்காலம் 6 மணிக்கு மொட்டைமாடியில் உட்கார்ந்தார். நோட்டில் 'பரீட்சை எழுதுவானா', 'சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க', 'பாட்டி மாத்திரை டப்பா திறந்தே கிடக்கு'. முதல் இரண்டுக்கும் அன்றைக்குச் செய்ய ஒன்றுமில்லை. மூன்றாவதற்கு இருந்தது: அன்றே டப்பாவைப் பூட்டி வைத்தார். கொல்லையில் இருந்த பூச்சிமருந்தை அவர் கணவர் வீட்டை விட்டே அகற்றினார்.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பேச ஒரு வழி கிடைக்கும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416: இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், பெற்றோரும் அழைக்கலாம்.

அந்த அம்மாவிடம் கண்காணிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. மகனுக்கு மருந்து தொடங்கிய அந்த வாரங்களில் அது தேவையாகவே இருந்தது. ஒளிந்து பார்க்காதீர்கள், சொல்லிவிட்டுப் பாருங்கள் என்றேன். மூவரும் உட்கார்ந்து ஏற்பாடு செய்துகொண்டார்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. இரவு 10 மணிக்கு அம்மா பால் கொண்டுபோவார். அன்றைய மனபாரம் பத்துக்கு எத்தனை என்று மகன் சொல்வான். 7-ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் அவனே வந்து எழுப்ப வேண்டும். அதற்குப் பிறகு ஒரு முறை எட்டிப் பார்ப்பது அப்பாவின் பொறுப்பு. அந்த அம்மாவுக்கு நான் சொன்ன வேலை ஒன்றுதான், தூங்குவது. முதல் வாரம் தூங்க முடியாமல் அழுதார். இரண்டாவது வாரம் நாலு மணி நேரம் தூங்கினார்.

மாதம் ஒன்று கழித்து வந்தபோது சொன்னார்: "நேத்து ராத்திரி ஒரு மணிக்கு வந்து என் கதவைத் தட்டினான் மேடம். 'அம்மா, இன்னிக்கு எட்டு'ன்னான். பாயை எடுத்துப் பக்கத்துல போட்டேன். விடியறவரைக்கும் பேசிக்கிட்டிருந்தான். அதான் காலையிலேயே கூட்டிட்டு வந்துட்டேன்."